நான்கு மஞ்சள் விளக்குகள்

பேருந்து நிலையத்தில் அவளை எல்லோரும் மைக்கம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடங்களாகக் கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து, எந்தப் பேருந்து எந்த மேடையிலிருந்து எங்கே புறப்படுகிறது என்று மைக்கில் சொல்வது அவள் வேலை. அவள் சொன்னதைக் கேட்டு எத்தனையோ பேர் ஏறிப் போயிருக்கிறார்கள். அவள் போனதில்லை. வீட்டிலிருந்து நிலையத்துக்கு மூன்று கிலோமீட்டர். அவளுடைய வெள்ளிநிறக் கார் அந்த மூன்றைத் தாண்டியதே அபூர்வம்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் தொண்டை கட்டியது. கட்டியது அவிழவேயில்லை. டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, உள்ளே தடித்திருக்கிறது, ஒரு மாதம் வாயைத் திறக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார்.

அவள் வீட்டுக்காரர் சீருடை தைக்கும் கம்பெனியில் துணி வெட்டுகிறவர். கத்திரியைக் கையில் எடுத்தால் பேசமாட்டார், கீழே வைத்தால் நிறுத்தமாட்டார். அந்த ஒரு மாதமும் அவருக்கு ராஜயோகம்தான், குறுக்கே பேச ஆளில்லை. அவளோ ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பகல் தூக்கத்தில் நிறுத்தங்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வரும். தண்ணீர்த்தொட்டி, நூலாலை, இரட்டைப்பாலம், ஏரிமுனை. யாரும் சொல்லாமல், தாமாகவே வந்து, தாமாகவே கலைந்து போகும்.

மாதம் முடிந்ததும் டாக்டர் ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் பேசலாம் என்றார், அதுவும் மெதுவாக. அவளுக்கு அதில் பாதிகூடச் செலவாகவில்லை.

அந்த வார விடுமுறை நாளில்தான் கார் ஞாபகம் வந்தது. சாவியைத் திருப்பினால் டிக், டிக் என்றது, அவ்வளவுதான். பேட்டரிக்கடைக்காரர் காலை ஏழரைக்கே புதுப் பேட்டரியை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். கால் மணி நேரத்தில் மாற்றினார். வண்டி ஒரே முறுக்கில் உயிர்த்தது. ஆனால் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் நான்கு மஞ்சள் விளக்குகள் எரிந்துகொண்டே இருந்தன. அவள் விரலை நீட்டிக் காட்டினாள்.

"புதுசு போட்டும் எரியுதே?" என்றார் வீட்டுக்காரர்.

"பழசக் கழட்டினதும் வண்டிக்கு எல்லாம் மறந்துபோச்சு சார். நேர் எது, வளைவு எதுன்னே தெரியாம முழிக்குது. ஸ்டீயரிங்க இந்தப் பக்கம் முழுசா ஒருதடவ, அந்தப் பக்கம் முழுசா ஒருதடவ திருப்புங்கம்மா. அப்புறம் நேரான ரோட்டுல ஒரு பதினஞ்சு இருபது கிலோமீட்டர் ஓட்டுங்க. ஒவ்வொண்ணா அணையும். அணையாம நிக்கிறது எதுவோ அத மட்டும் கவனிங்க. செவப்பு எரிஞ்சா, வேற பேச்சே கிடையாது, உடனே ஓரங்கட்டிடணும்."

"இருபது கிலோமீட்டரா? எங்க போறது?"

"எங்க வேணா போங்க சார். வண்டி ஓடணும், அவ்வளவுதான்."

அவள் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி நேராக்கினாள். ஒரு விளக்கு அணைந்தது. வீட்டுக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு பக்கத்தில் ஏறினார்.

நிலையத்து ரவுண்டானாவில் வழக்கமாக வலப்பக்கம் திரும்புவாள். அன்று இடப்பக்கம் போனாள்.

"எங்கம்மா போறோம்?"

அவள் ஒரு கையால் ஒன்று காட்டினாள், பிறகு நான்கு.

"பதினாலாம் நம்பர் பஸ் போற வழியா? சரி, விடு."

ஊர் எல்லையைத் தாண்டியதும் பனி இறங்கியது. வெள்ளையும் இல்லாத, சாம்பலும் இல்லாத ஒரு நிறம் ரோட்டின் இரண்டு பக்கமும் நின்றது. தண்ணீர்த்தொட்டி வந்தது. தூண்கள் பனிக்குள் மறைந்துபோய், தொட்டி மட்டும் வானத்தில் மிதந்தது. அவள் வேகத்தைக் குறைத்து அதைப் பார்த்தாள். இதைத்தானா நாளுக்குப் பதின்மூன்று தடவை சொல்லிக்கொண்டிருந்தோம் என்று இருந்தது.

நூலாலை நிறுத்தத்தில் ஆலையே இல்லை. இடிந்த சுவர் ஒன்றும், அதற்கு அப்பால் பூத்துக் கிடந்த நாணலும்தான். காற்றே இல்லாமல் அந்த வெள்ளைப் பூக்கள் அசைவது போலிருந்தது.

"மிஷின வித்துட்டு பஞ்ச மட்டும் விட்டுட்டுப் போயிட்டான்," என்றார் அவர். அவள் சத்தமில்லாமல் சிரித்தாள். மீட்டரைப் பார்த்தபோது இன்னும் இரண்டு விளக்குகள் அணைந்திருந்தன. எந்த இடத்தில் அணைந்தன என்று அவள் கவனிக்கவில்லை.

இரட்டைப்பாலத்தில் ஒரு பாலம்தான் இருந்தது. பின்னால் வண்டியே இல்லாததால் ஊர்ந்தே போனாள்.

"இன்னொண்ணு எங்க?" என்றார் வீட்டுக்காரர்.

அன்றைக்கு முதல்முறையாக அவள் வாயைத் திறந்தாள். குரல் சொரசொரவென்று வந்தது. "எனக்கென்ன தெரியும்? நான் சொன்னதோட சரி."

அவர் கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தார். கீழே கால்வாய்த் தண்ணீர் ஆடாமல் கிடந்தது. அதில் பாலம் தலைகீழாக, கைப்பிடிச்சுவர் உட்பட முழுசாக இருந்தது. "அதோ பாரு ரெண்டாவது," என்றார்.

நாலாவது விளக்கு மட்டும் அணையவில்லை.

"அதுவும் தானா போயிடும், ஓட்டு."

"இல்லங்க. இது மறதி இல்ல." கடைசி நிறுத்தமான ஏரிமுனையில், பேருந்துகள் திரும்புகிற வட்டத்துக்குப் பக்கத்தில் ஓரங்கட்டினாள்.

அவர் இறங்கிச் சுற்றி வந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். முப்பது வருடம் துணியில் கோடு பார்த்த கண். "பின்னால இடது சக்கரம் ஒரு விரல் தாழ்ந்திருக்கு," என்றார்.

எதிரே பஞ்சர் கடை இருந்தது. கடைக்கார அம்மா குழாயை இழுத்துக்கொண்டு வந்து அளந்து பார்த்தாள். "பாதிக் காத்துதான் இருக்கு. எத்தன நாளா நிக்குது?"

"ஒரு மாசத்துக்கு மேல."

சக்கரத்தை மெதுவாக உருட்டச் சொல்லித் தடவிப் பார்த்தாள். ஆணி எதுவும் இல்லை. வால்வில் எச்சிலைத் தொட்டு வைத்தாள், குமிழி வந்தது. வால்வை மாற்றிக் காற்றடித்துவிட்டு, "உள்ள காத்து லைட்டுக்குன்னு ஒரு பட்டன் இருக்கும், அமுக்கிப் பிடிங்க," என்றாள். மைக்கம்மா உள்ளே ஏறி அமுக்கினாள். விளக்கு மூன்று முறை கண்சிமிட்டிவிட்டுப் போனது.

"எங்கருந்து வர்றீங்க?"

"பஸ் ஸ்டாண்டுலருந்து."

"கார்லயா?" என்று சிரித்துவிட்டு அந்தம்மா குழாயைச் சுருட்டினாள்.

ஏரிக்கு அக்கரையே இல்லை. பனி விலகும் வரை கரைக்கல்லில் உட்கார்ந்திருந்தார்கள். ஏரிமுனை என்பது எப்போதும் வரிசையில் கடைசியாக வரும் பெயர். மூச்சு தீர்ந்துபோயிருக்கும், அடுத்த அறிவிப்பு காத்துக்கொண்டிருக்கும், அதை விழுங்கித்தான் சொல்லியிருக்கிறாள். இவ்வளவு பெரிய தண்ணீரை அரை வாயில் சொல்லிவந்திருக்கிறோமே என்று நினைத்தபோது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. கூடவே, என்னவென்று தெரியாத ஒரு சந்தோஷமும் இருந்தது.

அடுத்த மாதம் வேலைக்குத் திரும்பினாள். குரல் முன்னைவிட ஒரு படி இறங்கியிருந்தது. நேரக் காப்பாளர் கண்ணாடியைத் தட்டி, "ஏன்க்கா ஏரிமுனைய அவ்வளவு நீட்டிச் சொல்றீங்க?" என்று கேட்டார். "அது நீளமாத்தான் இருக்கு," என்றாள்.

இப்போது வார விடுமுறையில் ஒரு பேருந்துத் தடம் என்று வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஏழு முடிந்துவிட்டன. எட்டாவதில் தரைப்பாலத்துக்கு மேலே தண்ணீர் போனதால் பாதியில் திரும்ப வேண்டியதாயிற்று. கோடையில் மறுபடி போகலாம் என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிட்டார். அவள் மெதுவாக, பள்ளங்களைப் பார்த்துப் பார்த்து ஓட்டினாள்.