ஆறு ஃபர்லாங் பார்க்க 265 மைல்

போன ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுகர் லேண்டிலிருந்து டாலஸ் பக்கம் போய்க் குதிரைப் பந்தயம் பார்த்துவிட்டு வந்தோம், நானும் என் பதினேழு வயது மகள் அனுவும். தேசியப் பூங்கா, கூடாரம், கரடி என்று எழுதிக்கொண்டிருந்தவன் ரேஸ் பக்கம் எப்படிப் போனான் என்று கேட்பீர்கள். இது என் மனைவி கோமதி போக ஆசைப்பட்ட இடம். அவள் இறந்து பதினான்கு மாதம் ஆகிறது. அவள் போன ஒன்பதாவது வாரம் எங்கள் கிரீன் கார்டு தபாலில் வந்தது.

கோமதி பாளையங்கோட்டையில் புள்ளியியல் எம்.எஸ்ஸி. படித்தவள். என் விசாவோடு ஒட்டிக்கொண்டு வந்ததால் இங்கே வேலை பார்க்க அனுமதி கிடையாது. வந்த புதிதில், பழைய சாமான் விற்கும் கராஜ் சேல் ஒன்றில் தட்டுகள் வாங்கினோம். அவற்றைச் சுற்றியிருந்தது டாலஸ் குதிரைப் பந்தயத் திடலின் நிகழ்ச்சித் தாள். தட்டுகளைக் கழுவப் போனவள் ஸிங்க் பக்கத்திலேயே நின்று தாளைப் படித்துக்கொண்டிருந்தாள். "ஏங்க, இதுல எவ்வளவு டேட்டா இருக்கு பாருங்க. சும்மா தூக்கிப் போட்டிருக்காங்க" என்றாள். அன்றிலிருந்து அனு பள்ளியில் பாதி எழுதி மீதி விட்ட நோட்டுகளெல்லாம் அவளுக்கு. முதல் பத்துப் பக்கம் ஸ்பெல்லிங், அதற்கப்புறம் குதிரைகள். ஒரு டாலர்கூடக் கட்டியதில்லை. எது ஜெயிக்கும் என்று எழுதிவைப்பாள், மறுநாள் இணையத்தில் சரிபார்ப்பாள், அவ்வளவுதான்.

"ஒரு தடவை நேர்ல போய்ப் பாத்துட்டு வருவோமா?" என்று கேட்டாள்.

"ரேஸுக்கா? கிரீன் கார்டு ஃபைல் ஓடிக்கிட்டிருக்கு. எவனாவது பாத்து எதையாவது கெளப்பிவிட்டா?" என்றேன்.

சிரிக்காதீர்கள், நிஜமாகவே அப்படி நம்பினேன். ஸ்பீடிங் டிக்கெட் வாங்கியதற்கே வக்கீலுக்கு ஃபோன் போட்டவன் நான். அந்த வரிசையில் வருடக்கணக்காக நின்றவர்களுக்கு இந்தப் பயம் புரியும். பிறகு அவளைப் போன்றவர்களும் ஒர்க் பெர்மிட் வாங்கலாம் என்று விதி வந்தது. அப்போதும், "நல்லா நகர்ற ஃபைலை எதுக்குக் கிளறணும்? கார்டு வந்துரட்டும்" என்றேன். "வரட்டும் வரட்டும்னு எத்தன வருஷம்ங்க?" என்று ஒருமுறை கேட்டாள். நான் டிவி சத்தத்தைக் கூட்டினேன்.

சரி, பயணத்துக்கு வருவோம். காலை 6.40க்குக் கிளம்பினோம். ஹூஸ்டனைத் தாண்டும் வரை அந்நேரம் நெரிசல் இல்லை. அப்புறம் I-45ல் நேர் வடக்கு. ஹன்ட்ஸ்வில் அருகே சாலையோரம் நிற்கும் பெரிய வெள்ளைச் சிலையை 8.20க்குக் கடந்தோம். ஒவ்வொரு முறையும் அதைப் பார்த்து "இவருக்குக் கால் வலிக்காதா?" என்று கோமதி கேட்பாள். இந்த முறை காரில் யாரும் எதுவும் கேட்கவில்லை. மேடிசன்வில் பக்கம் காப்பி, கோர்சிகானாவில் பெட்ரோல், இரண்டு நிறுத்தம் போதும். 11.35க்குத் திடலில் இருந்தோம். ஹூஸ்டனிலேயே ஒரு திடல் இருக்கிறதே என்பவர்களுக்கு: ஏப்ரலில் அங்கே பருவம் முடிகிற நேரம். தவிர, கோமதியின் நோட்டுகளில் இருப்பது இந்தத் திடல்தான்.

பார்க்கிங் 10 டாலர், நுழைவு தலைக்கு 8, நிகழ்ச்சித் தாள் 4. அந்தத் தாளை வாங்காமல் உள்ளே போகாதீர்கள். ஒவ்வொரு குதிரையும் இதுவரை ஓடிய ஓட்டங்கள், எத்தனை வினாடி, எந்த இடத்தில் எத்தனையாவதாக இருந்தது என எல்லாம் பொடி எழுத்தில் இருக்கும். கண்ணாடி எடுத்துப் போங்கள்.

குதிரைகளை நடத்திக் காட்டும் வளையத்துக்குப் பக்கத்தில் நிழலான பெஞ்ச் ஒன்று கிடைத்தது. கோமதியின் கடைசி நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஐந்தாவது ரேஸ், ஆறு ஃபர்லாங், அதாவது முக்கால் மைல். மண் தடம், ஒன்பது பெண் குதிரைகள். ஒரே ஒரு ரேஸையாவது அவள் முறைப்படி, ஒரு வரிகூடத் தப்பாமல் கணக்குப் போட்டுவிட வேண்டும். நான் போனது அதற்காகத்தான். வேறொன்றும் அவளுக்கு இனிமேல் செய்வதற்கில்லை.

முதல் விதி, பெயரைப் பார்க்காதே, எண்ணை மட்டும் பார். இரண்டாவது, முதல் கால் மைலை யார் வேகமாக ஓடுவார்கள் என்று எழுது. ஒரே ஒரு குதிரை என்றால் அதை மற்றவை பிடிப்பது கஷ்டம். இரண்டு மூன்று என்றால் ஒன்றையொன்று விரட்டிக் களைத்துவிடும், அவற்றுக்குச் சற்றுப் பின்னால் வருவதைத் தேடு. இந்த ரேஸில் 1, 4, 5 மூன்றுமே முட்டி மோதும் ரகம். மூன்றாவது, முன்னால் ஓடுவது உதைக்கும் மண் பின்னால் வருவதன் முகத்தில் அடிக்கும், ஆகவே வெளிப்பக்கம் ஓடுவதற்கு மதிப்பெண் கூட்டு. எல்லாம் சேர்த்தால் ஏழாம் எண் வந்தது. ஐந்து வயதுச் செவலை. ஆனால் அது ஓடிப் பதினோரு மாதம் ஆகியிருந்தது.

அதற்கும் நோட்டில் ஒரு விதி இருந்தது. நீல மையில், அவளுடைய சரிந்த கையெழுத்தில்: "பல மாதம் ஓடாத குதிரையை எல்லோரும் ஒதுக்கிவிடுவார்கள். அதற்கு முன் பார். ஓட முடியாமல் நின்றதா, ஓட விடாமல் நிறுத்தினார்களா? வாராவாரம் காலையில் பயிற்சி எடுத்திருந்தால் அது தயாராகத்தான் இருக்கிறது."

ஏழாம் எண் ஒரு வாரம்கூட விடாமல் பயிற்சி எடுத்திருந்தது. எனக்கோ தாளில் எழுத்துகள் மங்கிவிட்டன. கோமதி தினமும் 8.10க்கு அனுவைப் பள்ளியில் இறக்கிவிட்டு, சமையல்கட்டு மேடையில் பதினொரு மணி வரை கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாள். யாரும் கேட்காத கணக்கு. "குதிரைக்கு ஜாதகம் பார்த்தாச்சா?" என்று கிண்டல் செய்தபடி மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு கிளம்புவேன்.

3.30க்குக் கவுன்டரில் நின்றேன். கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்ட பெரியம்மா ஒருவர், "எந்த எண், ஹனி?" என்றார். மேலே பலகையில் எல்லோருடைய பணமும் நாலாம் எண்ணின் மேல்தான். கடைசி இரண்டு ஓட்டத்திலும் ஜெயித்தது அது. ஏழுக்கு ஆளே இல்லை. பதினோரு மாதம் சும்மா இருந்தது, எதற்கு வம்பு என்று மனதில் ஓடியது. கட்டியது வெறும் இரண்டு டாலர். அதிலும் என் புத்தி போகவில்லை.

"நம்பர் ஃபோர்" என்றேன்.

பக்கத்தில் நின்ற அனு, "இஸ் தட் அம்மாஸ் பிக்?" என்றாள். அவளுக்குத் தமிழ் புரியும், படிக்க வராது.

"ஆமா" என்றேன்.

3.42க்குத் தடத்தின் எதிர்ப்பக்கம் கதவுகள் திறந்தன. ஒரு நிமிடம் பதினோரு வினாடி, மொத்தமே அவ்வளவுதான். 1, 4, 5 நோட்டில் இருந்தபடியே ஒன்றையொன்று விரட்டிக்கொண்டு போயின. வளைவில் ஒன்றாம் எண் விழுந்தது போலப் பின்தங்கியது, அப்புறம் ஐந்தாம் எண். நாலு தனியாக நேர்பாதைக்கு வந்ததும் அனு குதித்தாள். அப்போது வெளிப்பக்கத்திலிருந்து செவலை வந்தது. பின்னாலிருந்து வந்த மற்ற ஜாக்கிகளின் சட்டையெல்லாம் மண், ஏழாம் எண்காரனுடையது மட்டும் சுத்தமாக இருந்தது. அரைக் குதிரை நீளத்தில் ஜெயித்தது.

அனு என் மடியிலிருந்த நோட்டைப் பார்த்தாள். "ஸோ அம்மா வாஸ் ராங்" என்றாள், மெதுவாக.

தலையாட்டிவிட்டு எழுந்திருக்கலாம். அந்தக் கையெழுத்தைப் படிக்க வீட்டில் இப்போது என்னைத் தவிர வேறு ஆளில்லை.

"இல்லம்மா. அம்மா கணக்குல ஏழுதான் வந்துச்சு. நான்தான் மாத்திக் கட்டிட்டேன்."

"வொய்?"

பதில் சொல்ல எனக்குக் கோர்சிகானா வரை ஆனது. பெட்ரோல் பங்கில் வண்டியை ஓரங்கட்டி, ஒர்க் பெர்மிட் கதையை முதல்முறையாக அவளிடம் சொன்னேன்.

"ஐ தாட் ஷி டிடின்ட் வான்ட் டு ஒர்க்" என்றாள். "ஆல் மை லைஃப் ஐ தாட் தட்."

"கேட்டா. நாலு தடவை கேட்டா. நான்தான் வேணாம்னேன்."

அவள் பின் சீட்டிலிருந்த நோட்டுப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வீடு வரும்வரை என் பக்கம் திரும்பவில்லை. கோபம்தான், நியாயமான கோபம். இந்தக் கட்டுரையை எழுதும் இந்த வாரம், எழுத்துக்கூட்டித் தமிழ் படிக்க ஆரம்பித்திருக்கிறாள். என்னிடம் கேட்பதில்லை, ஃபோனைப் பார்த்துத் தானாகவே படிக்கிறாள்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். போக வர 530 மைல், பெட்ரோலுக்கு எனக்கு 47 டாலர் ஆனது. முதல் ரேஸ் 1.35க்கு, பன்னிரண்டுக்கே போனால்தான் நிழலில் இடம் கிடைக்கும். 21 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் பார்க்கலாம், கட்ட முடியாது. ஆறு ஃபர்லாங் ஓட்டம் எதிர்ப்பக்கம் ஆரம்பிப்பதால் பைனாகுலர் இல்லாவிட்டால் முதல் பாதி வெறும் புழுதிதான். திரும்பும்போது ஹூஸ்டனுக்குள் ஞாயிறு மாலை நெரிசலில் ஒரு மணி நேரம் கூடுதலாகும். எதில் கட்டலாம் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.

இன்னொன்று. உங்கள் வீட்டில் யாராவது ஒர்க் பெர்மிட்டுக்கு அப்ளை பண்ணட்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தால், இந்தப் பயணத்தை அடுத்த வருடம் வைத்துக்கொண்டு, முதலில் அந்தப் படிவத்தை எடுத்து உட்காருங்கள். ஏழே ஏழு பக்கம்தான். நான் போன வாரம்தான் முதல்முறையாகத் திறந்து பார்த்தேன்.