சண்முகத்தின் பென் டிரைவ் இன்னும் சிஸ்டத்தில்தான் இருக்கிறது

சண்முகம் போய்விட்டான்.

இன்று காலை. ஆபீஸுக்குக் கீழே டீக்கடையில். கிளாஸைக் கையில் வாங்கியவன் அப்படியே உட்கார்ந்தானாம், சாய்ந்தானாம்... சத்தம் கேட்டு இறங்கி, ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம். ஹார்ட் என்றார்கள். அவ்வளவுதான். நாற்பத்தாறு வயது.

"டீ குடிச்சிட்டு வந்துர்றேண்ணே" என்றுதான் எழுந்து போனான். நான் தலையைக்கூடத் தூக்கவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சண்முகமும் நானும் டெல்லியில் புசா ரோடு பக்கம் ஒரு மொழிபெயர்ப்பு ஆபீஸில் தமிழ் டைப்பிங். பக்கத்துப் பக்கத்து சீட்.

அவன் பையையும் ஹெல்மெட்டையும் எடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தேன். அவன் சீட்டில் உட்கார்ந்து மொபைலில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். சிஸ்டம் ஆன் செய்தபடியே இருக்கிறது. பென் டிரைவ் சொருகியபடியே இருக்கிறது. அதை எடுத்துப் போய் அவன் மனைவி சுகந்தியிடம் கொடுக்க வேண்டும். கை போக மாட்டேன் என்கிறது.

எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் எதையும் இன்ஸ்டால் செய்ய முடியாது. சாயங்காலம் மூடிவிட்டுக் காலையில் திறந்தால், நாம் செய்து வைத்த மாற்றம் எல்லாம் அழிந்து பழையபடி ஆகியிருக்கும். நான் தினமும் எழுத்தைப் பெரிசாக்கிவிட்டு, முதலாளியை மனதுக்குள் திட்டிவிட்டு வேலையை ஆரம்பிப்பேன்.

சண்முகத்துக்கு அந்தக் கஷ்டமே இல்லை. டைப் செய்ய அவனுக்குப் பிடித்த எடிட்டர் சாஃப்ட்வேரை முழுசாக பென் டிரைவிலேயே வைத்திருந்தான். சொருகுவான், இரண்டு தட்டு. கறுப்புத் திரை, பச்சை எழுத்து, அவன் சைஸ், அவன் ஷார்ட்கட் கீ எல்லாம் வந்து நிற்கும். சுருக்கமாக இரண்டு எழுத்து அடித்தால் முழு வார்த்தையும் விழும்.

முதல் தடவை அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்தபோது, கம்ப்யூட்டரைக் கெடுத்துவிட்டான் என்று நினைத்து ஓசைப்படாமல் என் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டேன். மாட்டினால் அவனோடு போகட்டும் என்று. அப்படிப்பட்ட தைரியசாலி நான்.

அப்புறம் எனக்கும் அந்த எடிட்டர் மேல் ஆசை வந்தது. ஒருநாள் சண்முகமே பென் டிரைவை என்னிடம் கொடுத்து, "காப்பி பண்ணிக்கங்கண்ணே" என்றான். பெருமையாக வீட்டுக்குப் போய், பெண்ணைக் கூப்பிட்டு, அப்பா என்ன கொண்டுவந்திருக்கிறேன் பார் என்று என் பென் டிரைவைச் சொருகினேன். திறக்கவே இல்லை.

டெல்லியில் பிறந்தவள். தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ஆனால் இதை ஒரே பார்வையில் சொல்லிவிட்டாள். "அப்பா, இதுல வெறும் ஷார்ட்கட்தான் இருக்கு."

எடிட்டரை விட்டுவிட்டு, அதைத் திறக்கத் தட்டுகிற சின்னப் படத்தை மட்டும் காப்பி செய்து கொண்டுவந்திருக்கிறேன். சண்முகத்திடம் சொன்னபோது சிரிக்காமல் கேட்டான். "அட்ரஸை மட்டும் எழுதி எடுத்துட்டுப் போயிட்டு வீட்டைக் காணோம்னா எப்படிண்ணே?" பிறகு ஒரு வாரம் ஆபீஸ் முழுக்க அதுதான் பேச்சு. எனக்கு "அட்ரஸ் அண்ணே" என்று பெயரே வைத்துவிட்டான்.

ஒருமுறை சாணக்யபுரியில் ஒரு கெஸ்ட் ஹவுஸுக்கு அவசரமாக எங்கள் இருவரையும் அனுப்பினார்கள். நிகழ்ச்சிக்குப் பெயர்ப்பலகை அடிக்க வேண்டும். அங்கே இருந்த கம்ப்யூட்டரில் தமிழே வரவில்லை. நான் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றேன். சண்முகம் பென் டிரைவைச் சொருகி, அரை மணியில் முடித்துக் கொடுத்தான்.

சாப்பாடு போட்டார்கள். "எங்க டீம் எப்பவும் ரெடியா வரும் சார்" என்று நான்தான் பேசினேன். வத்தக்குழம்பை இரண்டாம் தடவை வாங்கியதும் நான்தான்.

இன்று ஆஸ்பத்திரியில் சுகந்தி அழவில்லை. தன் அண்ணனோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் கேட்டது...

"அண்ணே, பென் டிரைவ் எங்கே?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் சொன்னது. பகலில் அது அவனிடம். ராத்திரி வீட்டில் சுகந்தி அதே எடிட்டரில் வெளி டைப்பிங் வேலை செய்கிறது. யாரோ ஒருவருடைய தீசிஸ், பாதிக்கு மேல் முடித்திருக்கிறதாம். இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் எனக்கு இது தெரியாது.

"வேற காப்பி கிடையாதுண்ணே. அப்படியே உருவிடாதீங்க. மூடிட்டு எடுங்க. இனிமே அதை வச்சுத்தான்..." அதோடு நிறுத்திவிட்டது.

இப்போது சிஸ்டம் பார்க்கிற ராகேஷ் இரண்டு தரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டான். "அங்கிள், பந்த் கர்னா ஹை" என்கிறான், ஆபீஸை மூட வேண்டுமாம். சத்தமாகச் சொல்லவில்லை, பாவம்.

பென் டிரைவை எடுக்கப் போனால், பயன்பாட்டில் இருக்கிறது, எடுக்காதே என்று வருகிறது. எடிட்டர் திறந்திருக்கிறது இல்லையா. பச்சை எழுத்தில் ஒரு குக்கர் கையேடு. "மூடியைத் திறப்பதற்கு முன்" என்று அடித்துவிட்டு எழுந்து போயிருக்கிறான். அந்த வரிக்குப் பக்கத்தில் கர்சர் விட்டு விட்டு மின்னுகிறது.

மிச்சத்தை அடித்து முடிக்கலாமா என்று விரலை வைத்தேன். மொழிபெயர்த்த கையெழுத்துப் பிரதி மேஜை மேலேயே இருக்கிறது. பெரிய வேலையில்லை. முடியவில்லை.

...

சேவ் செய்தேன். அப்படியே, பாதி வரியோடு. மூடினேன். இப்போது எடுக்கலாம் என்று வந்தது. நம்பாமல் இன்னொரு தரம் படித்துப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன்.

சட்டைப் பையில் இருக்கிறது. மழை வருகிற மாதிரி இருப்பதால் பிளாஸ்டிக் கவரில் சுற்றியிருக்கிறேன். பையையும் ஹெல்மெட்டையும் எடுத்துக்கொண்டு சுகந்தியிடம் கிளம்புகிறேன்.

சரிப்பா, சண்முகம்...