பாதிக் கதையில் இறங்கிய குழந்தை

பின் சீட்டுக்கு அடியில், புத்தகப் பைகளுக்கு நடுவே, வெள்ளைச் சாக்ஸ் போட்ட ஒரு சின்னக் கால் தெரிந்தது. அதற்கு முந்தின இருபது நிமிடமும் அந்தக் குழந்தை ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏதோ லாரிக்கு அடியில் கிடக்கிறாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் தாம்பரத்தில் ஒரு நர்சரிப் பள்ளிக்கு வேன் ஓட்டுகிறவன். அப்போது பிள்ளைகளை ஏற்றி இறக்க என்னோடு ஓர் ஆயா வந்தாள். ஆயா என்பது வேலைக்கு வைத்த பெயர். பம்மலிலிருந்து வந்த அவளுக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. பிள்ளைகளின் கூச்சலை அடக்கக் கதை சொல்வாள். பள்ளி வாசலில் ஆரம்பிக்கிற கதை கடைசி நிறுத்தமான முடிச்சூரில் முடியும். சிங்கம் உறுமுகிற இடத்தில் வேன் தகரத்தை முழங்கையால் இடிப்பாள். அந்த வாரம் முழுக்கச் சிங்கமும் முயலும் கதைதான். வேறு கதை எடுத்தால் பிள்ளைகள் விடவில்லை. காட்டில் சிங்கம் கண்டபடி கொல்கிறது. மிருகங்கள் கூடிப் பேசி, தினம் ஒருவராகத் தாமே குகைக்குப் போய்விடுவது என்று ஒத்துக்கொள்கின்றன. சரியாக அந்த இடத்தில் முதல் நிறுத்தம், பெருங்களத்தூர் வந்துவிடும். எல்.கே.ஜி. படிக்கும் ஒரு பெண் குழந்தை மட்டும் அங்கே இறங்குவாள். முயல் போய்ச் சிங்கத்தைக் கிணற்றில் குதிக்க வைப்பதெல்லாம் அவள் இறங்கின பிறகுதான்.

"ரெண்டு நிமிசம் நில்லுண்ணா, இதுக்கு முடிவச் சொல்லி அனுப்பிடறேன்" என்று ஆயா தினமும் கேட்டாள். "பின்னாடி பஸ்ஸுக்காரன் ஆரன் அடிச்சுகினு கீறான். உன் கதைய அப்புறம் வச்சுக்க, எறக்கு" என்று நானும் தினமும் கத்தினேன். குழந்தை எங்களுக்கு டாட்டா காட்டிவிட்டுப் போவாள்.

வெள்ளிக்கிழமை, வண்டி நெரிசலில் நின்றபோது ஒரு பையன் வாந்தி எடுத்தான். ஆயா கதவைத் திறந்து அவனைப் பிடித்துக்கொண்டாள். பெருங்களத்தூர் வந்து கூப்பிட்டால் அந்தக் குழந்தை சீட்டில் இல்லை. திறந்த கதவு வழியாக இறங்கிவிட்டாள் என்று இருவரும் முடிவு கட்டினோம். சீட்டுக்கு அடியில் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. முட்டாள்கள். வந்த வழியே ரோட்டோரமாக ஓடிப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். குழந்தையின் அம்மா வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் அந்தக் கால் என் கண்ணில் பட்டது.

ஆயா அவளை வெளியே இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "இன்னாத்துக்குக் கண்ணு ஒளிஞ்சுகினே?"

"இன்னிக்கு வேற யாரையாவது அனுப்புங்க ஆயா."

எங்கே என்று கேட்டோம். அவள் வீடு இருக்கும் அடுக்குமாடியின் அடியில் கார் நிறுத்தும் இடத்தைக் காட்டினாள். பட்டப்பகலிலும் இருட்டாக இருக்கும். வெயிலுக்குப் பயந்து அவள் அம்மா தினமும் அதற்குள்தான் நிற்பார்.

"நேத்து சிங்கம் தூங்கிடுச்சு. இன்னிக்கு எழுந்திருக்கும்."

"நான் அங்கதானேடா நிக்கறேன்" என்றார் அம்மா.

"உன் டர்ன் நாளைக்கும்மா."

அந்த அம்மா அப்படியே வேன் படியில் உட்கார்ந்துவிட்டார். எல்லாப் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு தினமும் அவளை மட்டும் தனியாக இறக்கிவிட்டுப் போயிருக்கிறோம். சிங்கத்தின் குகைக்குப் போவது தன் முறை என்று நினைத்திருக்கிறாள். நான்கு வயதுக் குழந்தை, நான்கு நாள், அழாமல் அந்த இருட்டுக்குள் நடந்திருக்கிறாள். சாகப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு எங்களுக்கு டாட்டா காட்டியிருக்கிறாள். சிரித்துக்கொண்டே நானும் கை அசைத்திருக்கிறேன்.

ஆயா அங்கேயே உட்கார்ந்து மீதிக் கதையைச் சொன்னாள். பின்னால் ஆரன் அடித்தார்கள். அடிக்கட்டும் என்று விட்டேன்.

"சிங்கம் செத்தே போச்சா?"

"செத்தே போச்சு கண்ணு."

"இந்த சிங்கமா?"

"எல்லா சிங்கமும்தான்."

அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் அவள் போனாள்.

திங்கட்கிழமை பள்ளி அலுவலகத்தில் எங்கள் இருவரையும் நிற்க வைத்தார்கள். யார் தப்பு என்று மேடம் கேட்டார். என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "இந்த ஆயாதான் மேடம், புள்ளைங்களப் பாக்காம எப்பவும் கதை சொல்லிக்கினு இருக்கும்." நான் இதைச் சொன்னேன். நிற்காமல் விரட்டினவன் சொன்னேன். பக்கத்தில் நின்றவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஆமா மேடம்" என்றாள்.

அன்றே அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். நான் இன்றும் அதே வேனை ஓட்டுகிறேன். புதிதாக ஒரு டி.வி. திரை மாட்டியிருக்கிறார்கள். பாட்டு ஓடுகிறது, பிள்ளைகள் வாயைத் திறப்பதில்லை.

அந்தத் திங்கட்கிழமை, பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தவள் வேன் பக்கம் வந்தாள். திட்டப் போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். "முடிச்சூர்ல மூணாவது சந்துல புதுசா ஒரு நாய் கீதுண்ணா. அங்க எறங்குற ரெட்டைப் புள்ளைங்கள வாசல் வரிக்கும் வுட்டுட்டு வா" என்று சொல்லிவிட்டு, பஸ் பிடிக்கப் போய்விட்டாள்.