டொக்டர் பரமேஸ்வரியின் கைப்பை

சென்ற வியாழக்கிழமை வார்டில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தபோது தந்தி வந்தது. டொக்டர் பரமேஸ்வரி யாழ்ப்பாணத்தில் மாரடைப்பால் காலமாகிவிட்டார். தகனமும் முடிந்துவிட்டது. கையிலிருந்த மாத்திரைகளைக் கொடுத்து முடித்த பிறகுதான் உட்கார்ந்தேன்.

நாவுல ஊர்க்காரரே, இங்குள்ள ஆஸ்பத்திரியில் அவர் கையில் பிறந்த பிள்ளைகள் உங்கள் வீடுகளிலேயே இருக்கிறார்கள். ஆறு வருடம் அவரிடம் தாதியாக இருந்த நான், உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். சில மாதங்கள் அவர் கைப்பையில் துப்பாக்கி இருந்தது.

கிணற்றில் கிடந்த ஒரு பெண்ணின் உடலைப் பரிசோதித்துவிட்டு, அவளைக் கழுத்தை நெரித்துத்தான் கொன்றிருக்கிறார்கள் என்று அவர் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். புருஷன் சிறைக்குப் போனான். அவனுடைய அண்ணன் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து, “பஸ்ஸுலதானே போறீங்க டொக்டர், ஒரு நாளைக்குப் பாத்துக்கிறேன்” என்றான். துப்பாக்கி வாங்கும்படி வற்புறுத்தியது, தினமும் அவரோடு அதே பஸ்ஸில் போய்வந்த நான்தான்.

அனுமதிப்பத்திரம் கிடைத்ததும் கண்டியில் ஒரு துவக்குக் கடைக்குப் போனோம். முதலாளி மூன்றை எடுத்து வைத்தார். முதலாவது கனம், பையை இழுத்துத் தொங்கவைத்தது. இரண்டாவது தட்டையான சின்னப் பிஸ்டல். எனக்கு அதுதான் பிடித்தது. ஆனால் அதன் மேற்பகுதியைப் பின்னால் இழுக்க அவர் விரல்களுக்குப் பலம் போதவில்லை. மூன்றாவது, குட்டையான ரிவால்வர். அதைக் கைக்குட்டையோடு பைக்குள் போட்டு, ஏழெட்டுத் தடவை எடுத்துப் பார்த்தார். எதிலும் சிக்கவில்லை.

“சின்னதுன்னா கையில உதைக்குமே, டொக்டர்” என்றார் முதலாளி.

“உதைக்கட்டும். என்ரை கை நடுங்கினாலும் இது தானா வெடிக்கக் கூடாது. அதுதான் எனக்கு முக்கியம்.”

மூன்று மாதம் கழித்து ஒரு மத்தியானம், அதே அண்ணன் துணியில் எதையோ சுற்றிக்கொண்டு எங்கள் அறைக்குள் ஓடி வந்தான். டொக்டரின் கை பைக்குள் போனது. அவன் அதை முன்னால் நீட்டினான். துணி விலகியபோதுதான் அவனுடைய குழந்தையைக் கண்டோம். உதடெல்லாம் நீலம். தொண்டையில் புளியங்கொட்டை.

குழந்தையைக் கவிழ்த்து முதுகில் தட்டி, கொட்டையை வெளியே எடுத்தார். அது அழுதது. அவன் தரையில் உட்கார்ந்து விம்மினான். டொக்டர் கை கழுவப் போனவர், நெடுநேரம் திரும்பி வரவில்லை.

மறுநாள் துப்பாக்கியைப் பொலிசில் ஒப்படைத்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது.

“அவன் திருந்திட்டான்னு எப்படித் தெரியும்? உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன செய்யிறது?”

“அவன் நல்லவனோ கெட்டவனோ எனக்குத் தெரியாது, ராஜம். ஆனா இது பைக்குள்ள கிடந்தா, வாற ஆக்களின்ரை முகத்தை நான் பாக்கிறேல்லை. கையைத்தான் பாக்கிறன். நேற்று அந்தப் பிள்ளை மூச்சில்லாமல் கிடக்கேக்க, நான் தகப்பன்ரை கையைப் பாத்துக்கொண்டு நிண்டனான்.”

“அப்படின்னா இனி என்னைய உங்களோட பஸ்ஸுல வரச் சொல்லாதீங்க” என்றேன். அவருக்காகப் பயந்து சொன்னது அது. அவருக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்? அதன்பின் வேலைக்கு வேண்டியதை மட்டும் பேசிக்கொண்டோம். அவர் தனியாகவே போய் வந்தார். யாரும் அவரை எதுவும் செய்யவில்லை. மாற்றலாகிப் போன காலையில், நாவுல பஸ் நிலையத்தில் ஊரே நின்றதாம். நான் மட்டும் போகவில்லை.

பிறகு ஒரு கடிதம் எழுதினார். “கோபம் ஆறியிருந்தால் இரண்டு வரி எழுதும், ராஜம்.” அது எப்போதோ ஆறிவிட்டது. லீவில் நேரில் போய்ச் சொல்லலாம் என்று இருந்தேன். ஒவ்வொரு லீவும் வேறு எதற்கோ போனது.

அந்தக் கடிதம் என்னிடம் இருக்கிறது. எழுதாத இரண்டு வரிகளும் என்னிடமே இருக்கின்றன.