ஆறப் பொறுக்காத தோள்

பெரிய நீலச் செருப்பு ஒரு ஜோடி. எங்கள் சிகிச்சை அறை வாசலில் அதை முதன்முதலாகப் பார்த்த காலை எனக்கு இன்னும் நன்றாக நினைவிருக்கிறது. என் இரண்டு பாதங்களையும் அதில் ஒன்றுக்குள்ளேயே வைத்துவிடலாம். நோயாளிகளுக்குப் பத்தியக் கஞ்சி காய்ச்சும் என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, “ஏனுங்க, ஆளு வந்திருக்குதுங்களா, ஆனை வந்திருக்குதுங்களா?” என்று கேட்டாள். உள்ளே எண்ணெய்ப் பலகையில் குப்புறப் படுத்திருந்தவருக்கு ஒரு சொல் தமிழ் தெரியாது. ஆனாலும் கேலி எந்த மொழியில் இருந்தாலும் புரிந்துவிடும் போலிருக்கிறது. அந்த அகலமான முதுகு சிரிப்பில் குலுங்கியது. அன்றைக்கே அவருக்குப் பயில்வான் என்று பெயர் விழுந்துவிட்டது. அவருடைய சொந்தப் பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை.

கொல்லங்கோட்டிலிருந்து கோவிந்தாபுரம் போகும் வழியில், மாந்தோப்புகளுக்கு நடுவே இருக்கிறது எங்கள் வைத்தியசாலை. நடத்துபவர் மலையாளி வைத்தியர். எண்ணெய் போட்டு உடம்பை நீவிவிடும் உழிச்சில்தான் என் வேலை. என் அப்பாவுக்கு நிலக்கடலைக் காடு இருந்தது. அண்ணன்கள் அதைப் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு மண்ணைவிட மனித உடம்பு பிடித்துப்போயிற்று. கையை வைத்தால் எந்த எலும்பு எப்போது உடைந்து கூடியது, எந்தச் சதை யாருக்குப் பயந்து இறுகிக் கிடக்கிறது என்று சொல்லிவிடுவேன். வைத்தியரே சில சமயம் கட்டிலருகே நின்று, உங்கள் கை என்ன சொல்கிறது என்று கேட்பார். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு. அந்தத் தலைக்கனத்தைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

பயில்வான் உக்ரைன்காரர். தொழில், கூண்டுச் சண்டை. குத்து, உதை, மல்லுப்பிடி மூன்றும் சேர்ந்தது. சுற்றிலும் கம்பி வலை கட்டி, இரண்டு பேரை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிடுவார்கள். என் மனைவி அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு, நம் ஊர்ச் சேவற்கட்டுக்குக்கூடக் கதவு கிடையாதே என்றாள். அவர் நாட்டின் கிழக்கே ஒரு நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தவர். அப்பா சுரங்கத்தில் இருமி இருமியே செத்தார். அந்தக் குழிக்குள் தானும் இறங்கக் கூடாது என்று பத்து வயதில் மல்யுத்தக் கூடத்துக்குப் போனவர், இருபது வயதில் கூண்டுக்குள் போனார். முதல் சண்டை ஒரு ஓட்டலின் கல்யாணக் கூடத்தில் நடந்ததாம். பார்க்க வந்தவர்கள் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தார்களாம். பிறகு பக்கத்து நாடுகளில் சிறிய மேடைகள், தொடர்ந்து வெற்றிகள், கொஞ்சம் பெயர். அதன் பிறகு ஒரு போட்டியில் எதிராளி அவருடைய வலக்கையைப் பின்னால் வளைத்தபோது, தோல்வியை ஒப்புக்கொண்டு தரையில் தட்ட அவர் மறுத்துவிட்டார். தோள் கழன்றது. அங்கே கத்தி வைக்க வேண்டும் என்றார்கள். கத்திக்குப் பயந்துதான் எங்களிடம் வந்தார். இவ்வளவு அடி வாங்கியவருக்கு ஒரு சிறிய கத்தியிடம் பயம். எனக்குச் சிரிப்பாக இருந்தது.

இருபத்தொரு நாள் சிகிச்சை. எங்கள் பக்கத்து வைத்தியத்தில் ஒரு சட்டம் உண்டு. எத்தனை நாள் எண்ணெய் போட்டோமோ, அத்தனை நாள் ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும். நல்லிருக்கை என்போம். உழிச்சிலில் உடம்பு இளகிப்போயிருக்கும். வனைந்து வைத்த பானை மாதிரி, வடிவம் வந்திருக்கும், சூளைக்குப் போயிருக்காது. அந்த நாட்களில் வெயிலில் நடக்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, பகலில் தூங்கக்கூடக் கூடாது. வெளிநாட்டுக்காரர்கள் பெரும்பாலும் எண்ணெய் முடிந்ததும் பெட்டியைக் கட்டுவார்கள். பயில்வான் முதல் தடவை இருபத்தொரு நாளையும் மாந்தோப்பு நிழலில் உட்கார்ந்தே கழித்தார். தூரத்தில் நெல்லியாம்பதி மலையிலிருந்து விழும் அருவியைப் பார்த்துக்கொண்டிருப்பார். ‘சரிங்க’, ‘போதுங்க’, ‘வலிக்குதுங்க’ என்று மூன்று சொல் கற்றுக்கொண்டார். மூன்றையும் எங்கள் ஊர் மரியாதையோடு அவர் சொல்லும்போது, ஒரு மலை குனிந்து கும்பிடுவது போலிருக்கும். மற்றதெல்லாம் அவருடைய கைப்பேசி பேசும். அவர் தன் பாஷையில் சொல்ல, அது பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி சுத்தத் தமிழில் எங்களுக்கு ஒப்பிக்கும்.

தோள் ஆறியது. ஊருக்குப் போனவர் வரிசையாக ஜெயித்தார். ஒவ்வொரு வெற்றிக்குப் பிறகும் வலக்கையைத் தலைக்கு மேல் தூக்கி ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புவார். நான் அதை வைத்தியரிடம் காட்டுவேன், கஞ்சி குடிக்க வருபவர்களிடம் காட்டுவேன், கொல்லங்கோடு பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம்கூடக் காட்டியிருக்கிறேன். இது என் கை செய்த தோள் என்று சொல்வேன். தன் நெல் விளைச்சலைச் சொல்லும் விவசாயிகூட அவ்வளவு சத்தமாகச் சொல்லமாட்டான்.

இரண்டாம் முறை அவர் வந்தபோது தோள் மறுபடி முனகத் தொடங்கியிருந்தது. மறுபடி இருபத்தொரு நாள். நல்லிருக்கையில் ஒன்பதாம் நாள் காலை, அவருடைய மேலாளரிடமிருந்து அழைப்பு வந்தது. வளைகுடா நாட்டில் ஒரு பட்டப் போட்டி. ஆட வேண்டியவன் காயத்தில் விலகிவிட்டான். மூன்று வாரத்தில் சண்டை, பயிற்சிக்கு உடனே கிளம்ப வேண்டும், அன்று சாயங்காலத்துக்குள் பதில் வேண்டும். ஜெயித்தால் ஜெர்மனியில் ஒரு பயிற்சிக்கூடத்தோடு ஒப்பந்தம், மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு அங்கேயே போய்விடலாம். அவருடைய ஊர்ப் பக்கம் அப்போதே குண்டு விழுந்துகொண்டிருந்தது. மகள் பள்ளிக்கூடத்தில் மேசைக்கு அடியில் ஒளிந்துகொள்ளத்தான் முதலில் படித்தாள் என்று முன்பே ஒருமுறை என்னிடம் சொல்லியிருந்தார். ஆகவே அது பட்டம் பற்றிய விஷயம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

முடிவு சொல்ல வேண்டியவர் வைத்தியர். அவர் மாதத்தில் இரண்டு நாள் தேவிகுளம் பக்கம் தேயிலைத் தோட்டத்து ஆட்களைப் பார்க்கப் போவார். அன்று அங்கேதான் இருந்தார். கூப்பிட்டுப் பார்த்தோம். மலையில் சிக்னல் கிடைக்கவில்லை. விஷயம் தெரிந்த என் மனைவி, “ஆக்கப் பொறுத்தவிய ஆறப் பொறுக்கக் கூடாதுங்களா? நாளைக்கு வைத்தியரு வந்துருவாருங்க” என்றாள். சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். பயில்வான் சட்டையைக் கழற்றிவிட்டு முக்காலியில் என் முன்னால் உட்கார்ந்தார். வலது தோளைக் காட்டினார். அவர் முணுமுணுத்ததைக் கைப்பேசி தமிழில் சொன்னது.

“உங்கள் கை என்ன சொல்கிறது?”

வைத்தியர் கேட்கும் கேள்வி. பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறார். என்னிடம் அதுவரை வைத்தியரைத் தவிர வேறு யாரும் அப்படிக் கேட்டதில்லை. நான் கையை வைத்தேன். மேலே எல்லாம் நன்றாக இருந்தது. கட்டைவிரலைத் தோள்மூட்டின் முன்பக்கம் ஆழமாக அழுத்தியபோது, உள்ளே ஒரு நரம்பு துடித்தது. மிகச் சிறிய துடிப்பு. உறங்கும் குழந்தையின் இமை துடிக்குமே, அவ்வளவுதான். ஆறாத இடம் அப்படித்தான் துடிக்கும். எனக்கு அது தெரியும். இருபது வருடத்துக்கு மேலாகத் தெரியும். கையைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டேன்.

“சரியாயிருச்சுங்க. போலாமுங்க” என்றேன்.

ஏன் சொன்னேன் என்று பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்தக் குழந்தை மேசைக்கு அடியிலிருந்து வெளியே வரட்டும் என்று நினைத்தது உண்மை. என் கை பட்ட தோளை உலகம் பார்க்கட்டும் என்று நினைத்ததும் உண்மை. எது முன்னே, எது பின்னே என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நல்ல எண்ணம் மட்டும்தான் இருந்தது என்று சொன்னால் என் மனைவி நம்பிவிடுவாள். எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை.

அவர் என்னைக் கட்டிப்பிடித்தார். மத்தியானமே பொள்ளாச்சி வழியாகக் கோவை விமான நிலையத்துக்குக் கார் ஏறினார். மறுநாள் திரும்பி வந்த வைத்தியர் காலி அறையைப் பார்த்துவிட்டுக் கொதித்துப்போனார். யார் போகச் சொன்னது என்று கேட்டு அவரே பயில்வானுக்குப் போன் போட்டார். நான் பக்கத்தில் நின்றேன். நானாகத்தான் போனேன், யாரிடமும் கேட்கவில்லை என்று பயில்வான் சொன்னார். வைத்தியர் என்னைப் பார்த்தார். நான் எண்ணெய்ப் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

சண்டை நடந்த சாயங்காலம் நாங்கள் ஏழெட்டுப் பேர் ஒரு கைப்பேசியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். முதல் சுற்று முழுக்க அவர் கைதான் ஓங்கியிருந்தது. சமையல்காரப் பெண்கள் கை தட்டினார்கள். இரண்டாம் சுற்றில் ஒரு வலக்குத்து விட்டார். குத்து எதிராளியைத் தொடவே இல்லை. காற்றில் போன கை திரும்பி வரவில்லை, பக்கத்தில் தொங்கியது. யாரும் அதை அடிக்கவில்லை, யாரும் வளைக்கவில்லை. உள்ளே தசைநார் தானாகக் கிழிந்தது. மற்றவர்களுக்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை. எனக்குப் புரிந்தது. என் கட்டைவிரலுக்கு அந்த இடம் தெரியும். அவர் இடக்கையை மட்டும் வைத்துக்கொண்டு அந்தச் சுற்றை முடித்தார். முகம் முழுக்க ரத்தம். மூன்றாம் சுற்றுக்கு நடுவர் விடவில்லை.

அதற்குப் பிறகு அந்தத் தோளில் கத்தி வைத்தார்கள். ஒரு வருடம் கழித்து இரண்டு சண்டைகள் போட்டார், இரண்டிலும் தோற்றார். கூண்டை விட்டார். ஜெர்மனி என்ற பேச்சே எழவில்லை. சொந்த ஊரிலேயே ஒரு பழைய கிடங்கில் சிறுவர்களுக்கு மல்யுத்தம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். எனக்கு அவ்வப்போது வீடியோ அழைப்பு வரும். “சரிங்க” என்று சிரிப்பார். ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை. திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். திட்டாதவரிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது? வாய் வரை வரும், விழுங்கிவிடுவேன். முழுப் போர் வந்தபோது அவர் அந்த ஊரில்தான் இருந்தார். மனைவியையும் மகளையும் எல்லை தாண்டி அனுப்பிவிட்டுத் தான் ராணுவத்தில் சேர்ந்தார். கடைசியாக அழைத்தபோது பச்சைச் சீருடையில் இருந்தார். பின்னால் மண் சுவர். வலக்கையைத் தூக்கிக் காட்டினார். காது வரைதான் போயிற்று.

போன மாதம் அவருடைய மனைவியிடமிருந்து எனக்குச் செய்தி வந்தது. நாங்கள் நேரில் பார்த்ததே இல்லை. அதே வாத்தியார்த் தமிழ். அவர் காணாமல் போய் எட்டு மாதம் ஆகிறது, அடையாளம் தெரியாத சடலங்களை எதிர்த்தரப்பிலிருந்து திருப்பி அனுப்புகிறார்கள், உடலில் உள்ள குறிகளைக் கேட்டு ஒரு படிவம் தந்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே இருந்தது இது: “நான் அவரது மனைவி. ஆனால் நீங்கள் அவரது உடலை என்னைவிட நன்றாக அறிவீர்கள் என்று அவர் சொல்வார். தயவுசெய்து எழுதுங்கள்.”

அன்று வேலைக்குப் போகவில்லை. என் மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டு, எண்ணெய் போடுகிற வரிசையிலேயே தலையிலிருந்து தொடங்கினேன். பிடரியில் முடிக்கு அடியில் ஒரு மச்சம். இடது காது மடல் நசுங்கிக் கெட்டியானது. வலது காறையெலும்பின் நடுவில் உடைந்து கூடிய முடிச்சு. இடப்பக்க விலாவில் இரண்டு எலும்பு தடித்தவை. இடது மோதிர விரலின் கடைசிக் கணு நீளாது. வலது முழங்காலில் சிறு வயதில் அடுப்புச் சுட்ட தழும்பு. சொல்லச் சொல்ல என் மனைவி எழுதினாள். வலது தோளுக்கு வந்தபோது காகிதத்தை நான் வாங்கிக்கொண்டேன். முன்பக்கத் தசைநார் அறுந்து, கத்தி வைத்து ஒட்டியது என்று எழுதினேன். அதோடு விட்டிருக்கலாம். காரணம், ஆறுவதற்கு முன்னால் ஆறிவிட்டது என்று நான் பொய் சொன்னது என்றும் எழுதினேன். என் மனைவி படித்தாள். அவளுக்கு அன்றுதான் தெரியும். எழுந்து போகவில்லை.

அனுப்பிவிட்டு இரண்டு நாள் காத்திருந்தேன். பதில் வந்தது. “படிவத்தில் காரணம் எழுத இடம் இல்லை. மற்ற எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். நன்றி.”

இன்றுவரை வேறு தகவல் இல்லை. நான் தினமும் வேலைக்குப் போகிறேன். யாராவது தோளைக் காட்டி ஆறிவிட்டதா என்று கேட்டால், வைத்தியரைக் கேளுங்கள் என்று சொல்லிவிடுகிறேன். அந்தப் படிவத்தில் இருப்பது முழுக்க என் கை சொன்னது. ஒரு எலும்பு விடாமல் சரியாகச் சொல்லியிருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். அது திரும்பி வரும் எந்த உடம்போடும் பொருந்தக் கூடாது என்றுதான் காலையில் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன்.