மடைப்பள்ளி முறையும் மாட்டு வைத்தியமும்

மாட்டு டாக்டருக்குப் படிக்கப்போகிறேன் என்று நான் சொன்னபோது அப்பா சிரித்தார். கோபித்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். மலைக்கோயில் மடைப்பள்ளியில் தலைமுறை தலைமுறையாகப் பொங்கல் வைக்கிற குடும்பம் எங்களுடையது. பசுவைச் சுற்றிவந்து கும்பிடுவோம், கோமியத்தை வீடெல்லாம் தெளிப்போம். அதற்கு ஒரு நோவு வந்தால் மட்டும் தள்ளி நின்றுகொள்வோம். இந்த அழகுக்கு ஆசாரம் என்று ஒரு பெயர் வேறு.

எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தேன். மதராசில் இண்டர்மீடியட் முடித்தால் கால்நடை மருத்துவத்துக்கு மனுப் போடலாம். ஊர் மாட்டாஸ்பத்திரி டாக்டர்தான் இந்த ஆசையைக் கிளப்பிவிட்டவர். அவர் கனகம்மாசத்திரம் பக்கம் போகும்போதெல்லாம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் பஸ் ஏறிவிடுவேன். ஈனும்போது சிக்கிய கன்றை உள்ளே தள்ளி, மடங்கிய காலை நிமிர்த்தி, மெல்ல இழுக்கிற வேலையை என் கையாலேயே செய்யவைத்திருக்கிறார். "உனக்குக் கை வருதுப்பா, படி," என்றார். குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவேன். யாரிடமும் மூச்சு விடமாட்டேன்.

எங்கள் ஊர் ஆந்திராவோடு சேருமா மதராசோடு சேருமா என்று கடைத்தெருவில் அடித்துக்கொண்டிருந்த காலம். எங்கள் வீட்டில் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமே கிடையாது.

அந்த வைகாசியில் பங்காளிகளுக்குள் மாறிமாறி வருகிற மடைப்பள்ளி முறை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தது. முறை முடியும்வரை வீட்டில் ஒருவரும் தீட்டுப்படக் கூடாது. பட்டால் மடைப்பள்ளிச் சாவி பங்காளி கைக்குப் போய்விடும். எங்கள் பசுவுக்கும் அப்போதுதானா வலியெடுக்க வேண்டும். காலையிலிருந்து முக்கியும் கன்று வரவில்லை, ஒற்றைக் கால்தான் தெரிந்தது. டாக்டர் பொதட்டூர்பேட்டைக்குப் போயிருந்தார். நான் சட்டையைக் கழற்றினேன்.

அப்பா மாட்டுக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றார். "நீ தொட்டா முறை போயிடும்டா. பங்காளி இதுக்குத்தான் காத்துண்டிருக்கான்."

புல்லுக்கட்டு கொண்டுவந்த அம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "வாயில்லா ஜீவன் கதறிகினு கீதே சாமி, புள்ளைய வுடுங்க."

"பகவான் பாத்துப்பார்," என்றார் அப்பா. பகவான் என்ன பார்த்தாரோ, எனக்குத் தெரியாது. அப்பாவைத் தள்ளிவிட்டுப் போகிற பிள்ளை எங்கள் தெருவில் அன்றைக்குப் பிறந்திருக்கவில்லை. வெயில் தாழ்வதற்குள் பசு சாய்ந்துவிட்டது. கன்றும் உள்ளேயே போயிற்று.

முளைக்குச்சிப் பக்கத்தில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதேன். அப்பா அருகில் வந்தார். "ஒரு மாடு போனதுக்கே இப்படி அழறியே, தினம் தினம் இதைப் பாக்க முடியுமோ உன்னால? உனக்கெதுக்குடா இந்தப் படிப்பு?" அதையும் கனிவாகத்தான் கேட்டார். அந்தக் கனிவை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

முறை நல்லபடியாக முடிந்தது. அப்பா என்னை டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்த்துவிட்டார். இண்டர்மீடியட்டுக்கு மனுப் போடுகிற சமயம் வந்தபோது டாக்டர் வீடு தேடி வந்தார். அப்பா அவரை வாசலிலேயே நிறுத்திப் பேசினார். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

"நான் வேண்டாம்னு சொல்லலை சார். பையனே வேண்டாம்னுட்டான். ரொம்ப இளகின மனசு அவனுக்கு."

டாக்டர் அதை நம்பிவிட்டார்.