4801-வது இழை

கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்திப் பிழைப்பவள் நான். 4800 என்ற எண்ணின்மேல் எனக்குக் கொள்ளைப் பிரியம். இரண்டால் வகுத்தாலும் மூன்றால் வகுத்தாலும் ஐந்தால் வகுத்தாலும் முகம் சுளிக்காது. அதை மீதியின்றி வகுக்கும் எண்கள் நாற்பத்திரண்டு. தன்னை விட்டுவிட்டு மற்றவற்றைக் கூட்டினால் தன்னையே தாண்டிவிடும் என்பதால், அது மிகை எண். என் இரண்டாவது கல்யாணப் புடவையின் உடலுக்கு 4800 இழைதான் வேண்டும் என்று கேட்டிருந்தேன். நூறு நூறு இழையாக நாற்பத்தெட்டுக் கட்டம், அரக்கும் பச்சையும் மாறி மாறி. ஒரு கட்டமும் அரைகுறையாக நிற்காது.

நெய்வது என் பெரியப்பா. வாலாஜாபாத்திலிருந்து பஸ் பிடித்து அவர் வீட்டுக்கு வந்து பார்த்தால், தறியில் நீளவாட்டு நூலான பாவு ஏறியிருந்தது. கடைசிப் பச்சைக் கட்டத்துக்கும் கரைக்கும் நடுவில் மஞ்சளாக ஒற்றை இழை.

“இது என்ன பெரியப்பா?”

“சுழியில முடியக் கூடாதும்மா. மொய்யே நூத்தியொண்ணுதான வெக்கிறோம்? அதான் ஒண்ணு சேத்துக்கினேன்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 4801 பகா எண். ஒன்றும் அதுவும் தவிர வேறு எதுவும் அதை வகுக்காது. கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு என்று தொடங்கி அறுபத்தேழு வரை ஒவ்வொரு பகா எண்ணாலும் வகுத்துக் காட்டினேன். எல்லாவற்றிலும் மீதி. அடுத்தது எழுபத்தொன்று, அதை அதனாலேயே பெருக்கினால் ஐயாயிரத்தைத் தாண்டிவிடும், அதனால் அதற்குமேல் பார்க்க வேண்டியதில்லை என்றேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். இழை இருந்த இடத்திலேயே இருந்தது.

“அறுத்துடுங்க.”

“கல்யாணப் பாவுல கத்திரி வெக்கமாட்டேன்.”

அந்த வாரம் முழுக்க இதே பாட்டுத்தான். கெஞ்சினேன், கத்தினேன், சாப்பிடாமல் எழுந்து போனேன். என் புடவை, என் கணக்கு, அதில் எனக்கே பேச்சில்லையா? கடைசியில் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டேன்.

“மொத கல்யாணத்துக்கும் இதே 4800-தான கேட்டேன்? அப்ப மட்டும் வாயத் தொறக்காம நெஞ்சீங்களே?”

பெரியப்பாவின் கை நின்றது.

“ஆமாம்மா. படிச்ச பொண்ணு சொல்லுதேன்னு ஒண்ணு சேக்காம நெஞ்சிட்டேன். அதான நீ பொட்டியத் தூக்கிக்கினு திரும்பி வந்துட்ட? எல்லாம் என்னாலதாம்மா.”

குடித்துவிட்டு என்மேல் கை நீட்டியவன் எங்கேயோ நிம்மதியாக இருக்கிறான். அவன் செய்ததற்கெல்லாம் இந்த மனுஷன் இத்தனை வருஷமாகத் தன்னையே நொந்துகொண்டு தறியில் உட்கார்ந்திருக்கிறார். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. “உங்க மேல என்ன தப்பு பெரியப்பா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். கணக்கைக் கேட்டபோது ஆட்டியது மாதிரியேதான் தலையை ஆட்டினார், நம்பவில்லை.

4801 பகா எண் என்று ஒரு பத்திரிகையின் முதுகில் நிரூபித்துவிட்டேன். இதை எதில் எழுதிக் காட்டுவது?

“அந்த மஞ்ச இழை அறுந்துடாம பாத்து நெய்யுங்க” என்று மட்டும் சொன்னேன்.